அண்ணன் சீலை

எனக்கு எதிரே தட்டத்துடன் நிற்கும் இந்த மனிதரை நான் என்னவென்று அழைப்பது?

பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், நாற்பது ஐம்பது பெண்கள் பார்த்திருக்க, இந்தக் கேள்விக்கு நான் உடனடியாக விடைகாண வேண்டியிருந்தது. தட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு தோடம்பழம், நடுவே மயில்நீல நிறத்தில் ஒரு சீலை. மார்ச் மாதக் குளிரிலும் அந்த மனிதரின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. பின்புறச் சமையலறையில் யாரோ பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகுதிரி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து, பக்தியா பசியா என்று பிரித்தறிய முடியாத ஒரு மணம் மண்டபத்தை நிறைத்திருந்தது.

"சொல்லுங்கோ ரெஜினா," என்று பிலோமினா அக்கா ஒலிவாங்கியை என் வாய்க்கருகே நீட்டினார். "'நன்றி அண்ணா' எண்டு சொல்லிப்போட்டுச் சீலையை வாங்குங்கோ. பற்றிஸ் ஆறப்போகுது."

இரண்டே சொற்கள். அவற்றை உச்சரிப்பதில் எனக்கு ஒரேயொரு இடையூறுதான் இருந்தது. அந்த மனிதரை மணந்துகொள்வதென்று நான் முந்திய ஆண்டே தீர்மானித்திருந்தேன். அவரும் என்னைக் குறித்து அவ்வாறே தீர்மானித்திருந்தார். மண்டபத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறெவருக்கும் இது தெரியாது.

இவ்வளவு படித்த பெண், சமூகவியலில் பட்டம் பெற்றவள், இப்படியொரு தட்டத்தின் முன்னால் எவ்வாறு வந்து நின்றாள் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

'வாறன்' என்ற சொல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் பெற்ற பட்டத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, காலமான சட்டத்தரணி ஒருவரின் மனைவியைப் பராமரிக்கும் வேலையில் நான் இருந்தேன். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அந்தச் சிஞ்ஞோராவை ஏற்கெனவே தெரியும். காது கூர்மை, கால் பலவீனம், ஐயம் அதிகம். பகல் முழுவதும் அவருடன். இரவில் அல்பெர்கேரியாவில், பல்லரோச் சந்தைக்குப் பின்புறமாக நான் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில்.

வீட்டுவேலை செய்கிற எங்களுக்கு அந்த நகரில் ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமை மத்தியானமும் ஓய்வு. ஞாயிறு ஆண்டவருக்கும் ஊராருக்கும் போய்விடும். வியாழன் மத்தியானம் ஒன்றுதான் எனக்குச் சொந்தமானது.

அப்படியொரு வியாழனில், பிரான்காச்சோவிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்த ரிப்பனின் நீலம் என் கண்ணை உறுத்தியது.

"நீங்கள் ரெஜினா அக்காதானே? நான் ஸ்ரெல்லா. மன்னார். நீல ரிப்பன் சகோதரிகள் வட்டம் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள்."

கேள்விப்பட்டிருந்தேன். கோவிலுக்கு வருகிற தமிழ்ப் பெண்கள் கூடி அமைத்த வட்டம் அது. புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு பெண்ணையும் ஏற்கெனவே உள்ள ஒருத்தி தங்கையாக ஏற்றுக்கொள்வாள். கொண்டுவந்தவள் அக்கா, வந்தவள் தங்கை. வயது கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

ஸ்ரெல்லா பேசினாள். நான் எங்கள் ஊர் வழக்கப்படி "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அந்த ஓமுக்கு எந்தப் பொருளும் கிடையாது. கடைசியில், மரியாதை தெரிந்த எந்தத் தமிழரும் விடைபெறும்போது சொல்வதைச் சொன்னேன்:

"சரி பிள்ளை, அப்ப வாறன்."

ஸ்ரெல்லாவின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும் நீங்கள் வருவீங்கள் எண்டு!"

'போகிறேன்' என்று சொல்வது அபசகுனம் என்று அஞ்சி, போகும்போதும் 'வருகிறேன்' என்றே சொல்கிற ஓர் இனத்தில் பிறந்ததன் விளைவு அது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்ரெல்லா என்னைப் பத்துப் பேருக்கு அறிமுகப்படுத்தினாள்: "இது என்ரை தங்கச்சி."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

சொறெல்லா

அன்றிலிருந்து என் வியாழன் மத்தியானம் கலைந்தது. வியாழன் மட்டுமன்று. சிஞ்ஞோராவின் கட்டடத்துக் கீழ்வாசல் மணி நேரங்காலமின்றி அடிக்கத் தொடங்கியது.

வட்டத்தின் பெண்களுக்கு இத்தாலிய மொழி அவரவர் வேலைசெய்யும் வீட்டின் அளவுக்கே தெரியும். 'யார்?' என்று மேலிருந்து கேட்டால் 'சொறெல்லா' என்று பதில் சொன்னார்கள். சகோதரி என்பதற்கான சொல் அது. கன்னியாஸ்திரியையும் அவ்வாறு அழைப்பதுண்டு. முதல்நாள் சிஞ்ஞோரா யாரோ கன்னியாஸ்திரி நன்கொடைக்கு வந்திருக்கிறார் என்று எண்ணிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். உள்ளே நுழைந்தது டெனிம் ஜீன்ஸ் அணிந்த ஸ்ரெல்லா. கையில் ஒரு பை நிறைய மந்தரீன் பழங்கள்.

"நான் றெஜீனாவின் அக்கா," என்றாள் இத்தாலிய மொழியில்.

சிஞ்ஞோரா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் நாட்டில் வயது தலைகீழாக ஓடுகிறது போலும் என்று எண்ணியிருக்கலாம்.

அடுத்த கிழமை வேறொருத்தி வந்தாள். அவளும் சொறெல்லா. அதற்கடுத்து இருவர். வேலைக்குச் சேரும்போது எனக்கு இரண்டு சகோதரர்கள் மட்டும்தான் என்று நான் சொல்லியிருந்தேன். சிஞ்ஞோரா அதை மறக்கவில்லை.

"உன் அப்பா என்ன தொழில் செய்தவர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"தபால் அதிபர்."

"நிறையப் பயணம் செய்வாரோ?"

என் தகப்பனாரின் ஒழுக்கம் குறித்து அந்த வீட்டில் எழுந்த ஐயத்தை இறுதிவரை என்னால் முழுமையாக அகற்ற முடியவில்லை. நகைப்பு ஒருபுறமிருக்க, என் பெர்மெஸ்ஸோ, அதாவது அந்நாட்டில் வசிக்கும் அனுமதி, இந்தச் சிஞ்ஞோராவின் கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நாளொரு சகோதரி நுழைவது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதன் விலையைக் கொடுக்க வேண்டியவள் நான்தான்.

இதை ஸ்ரெல்லாவிடம் இயன்றவரை நயமாக எடுத்துரைத்தேன்.

"சரி தங்கச்சி," என்றாள். முதற்சந்திப்பில் 'நீங்கள்' என்றவள் இப்போது 'நீர்' என்று இறங்கியிருந்தாள். "நீர் யோசியாதையும். நாங்கள் அந்தக் கிழவியையும் எங்கடை செபத்தில சேர்த்துக்கொள்ளுறம்."

பகிடியும் வதையும்

இவ்விடத்தில் சிறிது விலகிச் செல்ல அனுமதிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை மூத்தவர்கள் வாட்டுவதைப் பகிடிவதை என்போம். என்னை நூலகத்துக்கு முன்னால் நின்ற வேப்பமரத்துக்குத் தினமும் காலைச் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். அநீதி கண்டு பொறுக்காத நான் ஒரு கண்டன மனு எழுதிக் கொடுத்தேன். அதை மெட்டமைத்துப் பாடச் சொன்னார்கள். பாடினேன். மூன்றாம் வரியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனுவின் தர்க்கம் அதோடு தளர்ந்தது.

பகிடிவதையை நான் ஆதரிக்கவில்லை. அன்றும் இன்றும் எதிர்க்கிறேன். ஆயினும் அதில் பகிடி என்று ஒன்று இருந்தது. நீல ரிப்பன் வட்டத்தில் அந்த முற்பாதியை முழுவதுமாக நீக்கியிருந்தார்கள். எவரும் எவரையும் கேலி செய்யவில்லை. சகோதரி சகோதரியைக் கேலி செய்யக் கூடாது என்பது ஒழுங்கு. எல்லாரும் எல்லாரிடமும் தாங்க முடியாத அளவு அன்பாக இருந்தார்கள்.

பிறகேன் நீங்கள் விலகவில்லை என்று கேட்பீர்கள். விலக முடியாததற்குக் காரணம் பிலோமினா அக்கா. வட்டத்தின் தலைவி அவர். மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வீட்டில் சமையல் வேலை. புதிதாக வந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியமுன்னம் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், தேநீர்ப் போத்தலுடன் வரிசையில் நிற்பவர்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு வீட்டில் எங்கள் பிள்ளையொன்றை வெளியே விடாமல் பூட்டி வைத்து வேலை வாங்கினார்கள். வட்டத்தார் பதினைந்து பேர் அந்த வீட்டின் யன்னலுக்குக் கீழே நின்று தமிழில் தேவமாதா பாட்டுப் பாடினார்கள். சுருதி சேரவில்லை. நிறுத்தவுமில்லை. தெருவே யன்னல் திறந்து பார்த்தது. இறுதியில் அந்தக் கதவும் திறந்தது. பிள்ளை பெட்டியுடன் வெளியே வந்தாள்.

என் வாசல் மணியை அழுத்தி என்னை வாட்டிய அதே விரல்கள்தான் அந்த வாசல் மணியையும் அழுத்தின. பெண்கள் அமைப்பாக வேண்டும் என்று பட்டப்படிப்புக் காலம் முழுவதும் வாதாடியவள் நான். அமைப்பு வந்து என் கதவைத் தட்டும்போது, நான் உறங்குகிறேன் என்று எவ்வாறு சொல்வது?

காய்ச்சல்

மாசி மாதமளவில் எனக்குக் கடும் காய்ச்சல். என் அறையில் படுத்திருந்தேன். நன்றாக உறங்கிக் கண்விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஒன்பது பெண்கள் நின்றார்கள்.

ஒன்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுதிரி எரிந்தது. நான் இறந்துவிட்டேன் என்று ஒரு கணம் உண்மையாகவே நம்பினேன். வந்திருப்பவர்களின் தொகை எனக்கு ஓரளவு திருப்தியாகவும் இருந்தது.

"முழிச்சிட்டா," என்றாள் ஒருத்தி, சிறிது ஏமாற்றத்துடன்.

வீட்டுக்காரியிடம் 'சொறெல்லா' என்று சொல்லித் திறப்பை வாங்கியிருந்தார்கள். நான் உறங்கிய வேளையில் என் உடுப்புகள் அனைத்தும், உள்ளாடைகள் உட்பட, தோய்த்துக் கொடியில் காயப்போடப்பட்டிருந்தன. அலுமாரி ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. என் புத்தகங்கள் உயரவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அந்நியர் கை படாத ஒரு பொருளும் அந்த அறையில் மிஞ்சவில்லை. அவர்கள் போன பிறகு கதவைப் பூட்டி, கதிரையொன்றை அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். அன்பு செய்தவர்களுக்கு எதிராகக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது என் வாழ்வில் அந்த ஒருமுறைதான்.

அதற்கு முன்பு இன்னொன்றும் நடந்தது. ஸ்ரெல்லா எனக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டே கதிரையில் கிடந்த சாம்பல் நிறச் சுவெற்றரைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்கடை அண்ணாவிட்டையும் இப்பிடி ஒண்டு இருக்கு."

கஞ்சி எனக்குப் புரையேறியது.

"பல்லரோவில குவிச்சு வைச்சு விக்கிறாங்கள்," என்றேன், இருமல் ஓய்ந்தபின்.

"அண்ணாவின்ரையிலயும் முழங்கையில இப்பிடித்தான் கிழிஞ்சிருக்கு."

"மலிவுச் சாமான். எல்லாம் ஒரே இடத்திலதான் கிழியும்."

அவள் அதை மடித்து அலுமாரியில் வைத்தாள். காய்ச்சல் எனக்கு இன்னும் ஒரு பாகை ஏறியது.

மந்தரீன் காலம்

தட்டத்துடன் நின்ற அந்த மனிதர் ஸ்ரெல்லாவின் அண்ணன் அன்ரன். அவர் சியாகுல்லியில் வேலை செய்தார். நகரின் ஓரத்தில் உள்ள பழத்தோட்டங்கள் அவை. மற்ற இடங்களில் மந்தரீன் முடிந்தபிறகுதான் அங்கே பழுக்கத் தொடங்கும். அவருடைய விரல்களில் எப்போதும் அந்தத் தோலின் வாசனை இருக்கும். சிஞ்ஞோராவின் வீட்டுக்கு ஸ்ரெல்லா பை பையாகக் கொண்டுவந்த பழங்கள் அண்ணன் பறித்தவை. அவற்றில் நல்லவற்றை அவர் எனக்கென்று முன்னமே எடுத்துவைத்துத் தந்துவிடுவார் என்பது தங்கைக்குத் தெரியாது. ஒரே மரத்துப் பழம் இரு வழியாக என்னை வந்தடைந்துகொண்டிருந்தது.

நாங்கள் ஏன் மறைத்தோம்? அன்ரனின் கொள்கை அது. தங்கையின் கலியாணம் முடியும்வரை தன் கலியாணப் பேச்சை எடுப்பதில்லை. ஊரில் தாயார் ஸ்ரெல்லாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவன் தான் விரும்பியவளைக் கட்டிக்கொண்டு தங்கையை மறந்துவிட்டான் என்ற சொல் வரக் கூடாது. நான் அதை மதித்தேன். விளைவுகளை எண்ணிப் பார்த்துச் செயலாற்றும் ஆண்கள் அரிது என்று அப்போது நினைத்தேன்.

என்னை முறைப்படி வட்டத்தில் ஏற்கும் நாள் குறிக்கப்பட்டது. ரிப்பன் கட்டுவார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள். அக்காவின் சகோதரன் புதிய தங்கைக்குச் சீலை கொடுப்பான். தங்கை 'நன்றி அண்ணா' என்று சொல்லி அதை வாங்குவாள். அண்ணன் சீலை என்று அதற்குப் பெயர். அந்நிய நாட்டில் அநாதரவான பெண்ணுக்கு ஓர் ஆண்துணையும் கிடைக்கட்டும் என்று பிலோமினா அக்கா ஏற்படுத்திய வழக்கம். நல்ல நோக்கம்தான்.

செய்தி கேட்டதும் அன்ரனைப் பல்லரோவில், மீன்கடைக்கும் ஒலிவ்காய்க் கடைக்கும் நடுவில், மறித்தேன்.

"உங்களுக்குத் தெரியுமோ, வாற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எனக்கு அண்ணா?"

"ஓம், ஸ்ரெல்லா சொன்னவள். சீலை எடுக்கச் சொல்லிக் காசும் தந்தவள்." சற்று நின்று கேட்டார், "உமக்கு மயில்நீலம் பிடிக்கும்தானே?"

"அன்ரன்!"

"என்ன? ஒரு சீலைதானே. வாங்கிக்கொண்டு பேசாமல் இரும். பிறகு பாப்பம்."

"சீலை பிரச்சினை இல்லை. அண்ணா எண்டு சொல்லுறதுதான் பிரச்சினை. அத்தினை சனத்துக்கு முன்னாலை அண்ணா எண்டு கூப்பிட்டு, உங்கடை கையால சீலையும் வாங்கிப்போட்டு, பிறகு உங்களையே கட்டினால் சனம் என்ன கதைக்கும்? உங்கடை அம்மாவின்ரை காதுக்கு அது எப்பிடிப் போய்ச் சேரும்?"

அவர் யோசித்தார். மீன்காரன் எங்களைத் தாண்டி எட்டி ஒரு நெத்தலிக் கூடையைக் காட்டி உரத்துக் கூவினான்.

"அப்ப மாட்டன் எண்டு சொல்லும்."

"சொன்னால் ஸ்ரெல்லாவைச் சபையில அவமானப்படுத்தின மாதிரி. நாளைக்கு நான் அவளோடை ஒரே வீட்டில இருக்க வேண்டாமோ?"

"அண்டைக்குச் சுகமில்லை எண்டு சொல்லும்."

"காய்ச்சலுக்கு ஒன்பது பேர் வந்தவை. இந்த முறை மண்டபத்தையே தூக்கிக்கொண்டு வருவினம்."

அன்ரன் கடைக்காரனிடம் கால் கிலோ ஒலிவ்காய் நிறுக்கச் சொன்னார். பிறகு, "நீர் படிச்சனீர். நீரே ஒரு வழி சொல்லும்," என்றார்.

மீண்டும் மண்டபத்தில்

ஆகவே, தட்டம். சீலை. ஒலிவாங்கி.

ஸ்ரெல்லா என் பக்கத்தில் நீல ரிப்பனை இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன. அன்ரன் தட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். 'எதையாவது சொல்லித் தொலையும்' என்று அந்தப் பார்வை மன்றாடியது.

நான் விளைவுகளை எண்ணினேன். 'நன்றி அண்ணா' என்றால் அன்ரன் என் கைவிட்டுப் போவார். மாட்டேன் என்றால் ஸ்ரெல்லா போவாள். அவள் போனால் அன்ரனும் நிம்மதியாக வரமாட்டார். மயங்கி விழுவது குறித்தும் ஆலோசித்தேன். ஒன்பது பேர் முன்வரிசையிலேயே ஆயத்தமாக இருந்தார்கள்.

"பிள்ளை வெக்கப்படுகிறா," என்றார் பிலோமினா அக்கா மண்டபத்தை நோக்கி. "எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ."

கைதட்டினார்கள். அந்த ஓசை ஓய்ந்த இடைவெளியில், நான் எண்ணிக்கொண்டிருந்த விளைவுகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. மிஞ்சியிருந்தது உண்மை ஒன்றுதான்.

"தங்கச்சியாய் இந்தச் சீலையை வாங்க எனக்கு ஏலாது," என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஸ்ரெல்லாவுக்கு மச்சாளாய் எண்டால் வாங்குவன்."

எங்கள் பக்கத்தில் மாமன் மகளும் மச்சாள். அண்ணனைக் கட்டியவளும் மச்சாள். ஸ்ரெல்லாவுக்கு அந்த மண்டபத்தில் மாமன் எவரும் இல்லை. ஆகவே சபைக்குப் பொருள் விளங்க அதிக நேரம் செல்லவில்லை.

"அண்ணா?" என்றாள் ஸ்ரெல்லா.

அன்ரன் தட்டத்தை இறுகப் பிடித்தார். ஓடிவிடுவார் என்றே எண்ணினேன். பிலோமினா அக்கா என்ன செய்வதென்று அறியாமல், பழக்கதோசத்தால், ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டினார்.

"ஓம்," என்றார் அன்ரன். அந்த ஓம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவரின் ஓம் அன்று.

"இதுக்கு எங்களிட்டை ஒழுங்கு இல்லையே," என்று பிலோமினா அக்கா முணுமுணுத்தது ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. "மச்சாளுக்கு ரிப்பன் கட்டலாமோ?"

பின்வரிசையிலிருந்து திரேசம்மா என்ற முதியவர் குரல் கொடுத்தார்: "ரிப்பனை விடுங்கோடி. அந்தப் பெடியன் தாலியைக் கட்டட்டும்!"

வட்டத்தின் வரலாற்றில் முதன்முறையாக அந்த மண்டபத்தில் சிரிப்பொலி எழுந்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். ஸ்ரெல்லா ரிப்பனைச் சுருட்டிக் கைக்குள் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சீலையை அப்போது நான் வாங்கவில்லை. அவள் பின்னால் போனேன்.

அவள் பற்றிஸ் சட்டிக்கு முன்னால் நின்றாள். "நான் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினன்," என்றாள் திரும்பாமலே. கோபத்தில் 'நீங்கள்' திரும்பி வந்திருந்தது. "நீங்கள் என்ரை அண்ணாவைச் சுருட்டி அலுமாரிக்குள்ளை வைச்சுக்கொண்டு அதைக் குடிச்சனீங்கள்."

"சுவெற்றரை அலுமாரிக்குள்ளை வைச்சது நீர்தான்."

"பகிடி விடாதேங்கோ! முதல்ல எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்?"

"உம்மடை கலியாணம் முடியுமட்டும் சொல்லக் கூடாது எண்டு அண்ணா சொன்னவர்."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்ரை கலியாணமோ? எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம். வட்டம் இருக்கு, வேலை இருக்கு, நான் கார் ஓடப் பழக வேணும். எனக்கு விருப்பமோ எண்டு அவர் என்னை ஒருநாளாவது கேட்டவரே?"

"உம்மடை தங்கச்சியாய் வர விருப்பமோ எண்டு நீர் என்னைக் கேட்டனீரோ?"

ஒரு பற்றிஸ் கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"இல்லை," என்றாள் கடைசியில். "நீங்கள் வாறன் எண்டு சொன்னீங்கள்."

"அது போகேக்கை சொல்லுற வாறன்."

"தெரியும்." குரல் தாழ்ந்தது. "அப்பவே தெரியும். தெரியாத மாதிரி இருந்தனான்."

கருகிய பற்றிஸை நான் எடுத்து வெளியே போட்டேன். அவள் முன்கையால் மூக்கைத் துடைத்தாள். எதையோ கணக்குப் பார்ப்பவள்போல் என்னை மேலும் கீழும் நோக்கினாள்.

"மச்சாள் எண்டால் பகிடி பண்ணலாம்தானே?"

"பண்ணலாம். அது உரிமை."

"அப்ப சொல்லுறன். நீங்கள் கஞ்சி குடிக்கேக்கை எருமைமாடு தண்ணி குடிக்கிற மாதிரிச் சத்தம். ஒன்பது பேரும் கேட்டவை. தங்கச்சி எண்டபடியால் ஒருத்தரும் சொல்லேல்லை."

அவ்வளவு காலமும் என் வாசல் மணியை அழுத்திக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை எனக்கு முதன்முறையாகப் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான்.

பின்னர் நடந்தவை

எல்லாம் உடனே சீராகிவிடவில்லை. மன்னாரிலிருந்த தாயாருக்கு எங்களுக்கு முன்பே யாரோ செய்தி அனுப்பிவிட்டார்கள். அவர் சில மாதங்கள் அன்ரனின் தொலைபேசி அழைப்புக்கு வரவில்லை. ஸ்ரெல்லா பேசித்தான் அவரை இணங்கவைத்தாள். எவ்வாறு என்று நான் விசாரிக்கவில்லை. யன்னலுக்குக் கீழே நின்று பாடுகிற அதே பிடிவாதம் தொலைபேசியிலும் வேலை செய்திருக்க வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் கலியாணம் நடந்தது. சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் வந்தார். என் சகோதரர்களின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, இருவர்தான் என்று உறுதிசெய்துகொண்டார்.

ஸ்ரெல்லா கார் ஓடப் பழகினாள். கலியாணத்தை அவள் தன் விருப்பத்துக்கு வெகுகாலம் தள்ளிப்போட்டாள். அன்ரன் அது குறித்து மீண்டும் வாய் திறக்கவில்லை.

நான் வட்டத்தில் சேர்ந்தேன், ரிப்பன் இல்லாமல். குவெஸ்தூரா வரிசையில் பிலோமினா அக்காவுடன் மாறி மாறி நின்றேன்.

அண்ணன் சீலை வழக்கத்தைக் கைவிட்டார்கள். அந்த ஞாயிறு முதல், புதிதாக எந்தப் பெண்ணையும் சேர்ப்பதற்கு முன்பு, சேர விருப்பமா என்று அவளிடம் கேட்டார்கள். விருப்பமில்லை என்று சொன்னவர்களின் வாசல் மணியை அதற்குப்பின் எவரும் அழுத்தவில்லை.